சர்வரில் இப்போது யார் இருக்கிறார்கள்?

நான்கைந்து கணினிகள் உள்ள எந்த அலுவலகத்திலும் அவற்றில் ஒன்றுக்கு மட்டும் 'மெயின் சிஸ்டம்' என்று பெயர் இருக்கும். கச்சிராயபாளையம் கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவோ ஃப்ளெக்ஸ் கடையோ, கள்ளக்குறிச்சியில் மண்டிக் கணக்கு எழுதும் தணிக்கையாளர் அலுவலகமோ, எங்கும் இதே ஏற்பாடுதான். மெயின் சிஸ்டத்தில் ஒரு ஷேர் ஃபோல்டர் இருக்கும். மற்ற கணினிகள் லேன் வழியாக அதைத் திறந்து வேலை பார்க்கும். என்றாவது ஒரு கோப்பு திறக்க மறுக்கும், அல்லது வேறொருவர் பயன்படுத்துகிறார் என்று சொல்லும். உடனே ஒரு குரல் எழும்: "மெயின் சிஸ்டத்த ஒரு தடவ ரீஸ்டார்ட் போட்டுப் பாருங்க."

அப்படிச் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதனால்தான் இந்தப் பழக்கம் இத்தனை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் பக்கத்து அறையில் ஒருவர் டாலியில் வவுச்சர் போட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அவருடைய டேட்டா இருப்பது அதே ஷேர் ஃபோல்டரில், எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு கோப்புறைக்குள். பாதி எழுதிய நிலையில் சர்வர், அதாவது அந்த மெயின் சிஸ்டம், போய்விட்டால், மறுநாள் கம்பெனியைத் திறக்கும்போது பிழைச் செய்தி வரும். பிறகு ரீரைட் ஓடவிட்டு, காணாமல் போன பதிவுகளைத் தேடி உட்கார வேண்டியதுதான். ரீஸ்டார்ட் போடுவதற்கு முன் சர்வரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது: இப்போது உன்னிடம் யார் யார் இருக்கிறார்கள், எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள்? பெரும்பாலான சர்வர்கள் இதற்குப் பதில் சொல்லும். ஆனால் அந்தப் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது சர்வருக்கு சர்வர், கட்டளைக்குக் கட்டளை மாறும். அதை ஒரு முறை முழுதாகப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் 'இருப்பது' என்றால் என்ன என்று தெளிவு வேண்டும். ஒரு கணினி சர்வரின் கோப்பைத் திறப்பதில் பல படிகள் உண்டு. 445 என்ற போர்ட்டில், பழைய முறையில் 139-இல், ஒரு டிசிபி இணைப்பு உண்டாகிறது. அதன் மேல் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்பட்டு ஒரு செஷன் உருவாகிறது. அந்த செஷனுக்குள் குறிப்பிட்ட ஷேருடன் தொடர்பு ஏற்படுகிறது. அப்புறம்தான் கோப்பு திறக்கப்படுகிறது. தேவைப்பட்டால் கோப்பின் ஒரு பகுதிக்கு மட்டும் பூட்டு விழுகிறது. கரும்பு அரவை நேரத்தில் இங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு வந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல: டிராக்டர் வாசலில் வரிசையில் நிற்பது வேறு, எடைமேடை ஏறுவது வேறு, கரும்பை இறக்குவது வேறு. வரிசையில் நிற்கும் வண்டியைத் திருப்பி அனுப்பினால் ஓட்டுநருக்குக் கோபம் வரும், அவ்வளவுதான். இறக்கிக்கொண்டிருக்கும் வண்டியை நகர்த்தினால் கரும்பு சரியும். சர்வரை நிறுத்தலாமா என்று முடிவு செய்ய உதவுவது இணைப்புகளின் எண்ணிக்கை இல்லை, திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியல். இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் பாதிக் குழப்பம்.

இனி கட்டளைகள். லினக்ஸில் இந்த வேலைக்கு நிற்பது சாம்பா. லேனில் கோப்புகளைப் பகிர அது பயன்படுத்தும் எஸ்எம்பி என்ற நெறிமுறை 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் வடிவமைத்தது. பின்னர் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், லேனில் ஓடும் பாக்கெட்டுகளைக் கவனித்தே அந்த நெறிமுறையைப் புரிந்துகொண்டு, 1992 தொடக்கத்தில் தன் சர்வர் நிரலை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் சாம்பா. தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான பொருளும் இல்லை. 2000-களின் பிற்பகுதியில் சி. உமாசங்கர் அரசு நிறுவனமான எல்காட்டின் மேலாண் இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸுடன் சேர்ந்து மாணவர் கைக்கு வந்தது. விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத் தருகிறது. 2019 நவம்பரில் தனி மாவட்டமாகும் வரை கள்ளக்குறிச்சியும் விழுப்புரத்தோடுதான் இருந்தது. ஆகவே இந்தப் பக்கம் பழைய கணினி ஒன்றில் உபுண்டு போட்டு, சாம்பா நிறுவி, அதையே சர்வராக்கும் இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. நிறுவிய பிறகு அதைக் கவனிக்கும் பழக்கம்தான் குறைவு.

சாம்பாவில் கேட்க வேண்டிய கட்டளை எஸ்எம்பிஸ்டேட்டஸ். நிர்வாகி உரிமையுடன், அதாவது முன்னால் சூடோ சேர்த்து ஓட்ட வேண்டும். இது லேனில் எந்தக் கணினியையும் போய்க் கேட்பதில்லை. சாம்பா தன் வேலைக்காகச் சர்வரிலேயே வைத்திருக்கும் டிடிபி என்ற சிறு தரவுக் கோப்புகளைப் படித்துச் சொல்கிறது. பதில் மூன்று பகுதிகளாக வரும். முதல் பகுதி செஷன்கள்: செயல்முறை எண், பயனர் பெயர், குழு, எந்த ஐபி முகவரி, நெறிமுறையின் எந்தப் பதிப்பு, தகவல் மறையாக்கம் உண்டா என்பவை. இரண்டாவது பகுதி ஷேர்கள்: எந்த ஷேரை எந்தக் கணினி எப்போதிலிருந்து பிடித்திருக்கிறது. மூன்றாவது பகுதி பூட்டுகள், அதாவது திறந்திருக்கும் கோப்புகள். பெரிய எழுத்து எல் சேர்த்தால் மூன்றாவது பகுதி மட்டும் வரும், பெரிய எஸ் சேர்த்தால் இரண்டாவது மட்டும், சிறிய பி சேர்த்தால் சுருக்கமான செஷன் பட்டியல். 4.17 பதிப்பிலிருந்து ஜேசன் வடிவத்திலும் கேட்டுப் பெறலாம். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு அது பெரிய வரம்.

ஒவ்வொரு வரியிலும் வரும் செயல்முறை எண்ணைச் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடாது. சாம்பா ஒவ்வொரு கிளையண்ட் இணைப்புக்கும் எஸ்எம்பிடி என்ற தனிச் செயல்முறையைப் பிரித்து விடுகிறது. மூன்று பகுதிகளையும் கோக்கும் நூல் அந்த எண்தான். பூட்டுப் பட்டியலில் ஒரு கோப்பின் எதிரே 4127 என்றிருந்தால், மேலே செஷன் பட்டியலில் 4127 எந்த முகவரி என்று பார்த்தால் போதும், எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். அதே வரியில் எழுத்து-படிப்பு பத்தியில் ஆர்டிஓன்லி என்று இருந்தால் அவர் படிக்க மட்டும் திறந்திருக்கிறார். ஆர்டிடபிள்யூஆர் என்றால் எழுதவும் திறந்திருக்கிறார். ரீஸ்டார்ட் போடுமுன் கண் போக வேண்டிய இடம் இது.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பயனர் நிரலில் கோப்பை மூடிவிட்ட பிறகும் சில சமயம் பட்டியலில் அது திறந்தே காட்டும். ஆப்லாக் அல்லது லீஸ் என்ற ஏற்பாட்டின்படி, 'வேறு யாரும் கேட்கும் வரை இதை நீயே வைத்துக்கொள்' என்று சர்வர் கிளையண்டுக்கு அனுமதி தருகிறது. கிளையண்ட் திரும்பத் திரும்ப லேனில் கேட்காமல் தன் நினைவகத்திலிருந்தே வேலையை முடித்துக்கொள்ள இது உதவும். மற்றொருவர் அதே கோப்பைக் கேட்டதும் சர்வர் அனுமதியைத் திரும்பப் பெறும். ஆப்லாக் பத்தியில் லீஸ் என்றும் அடைப்புக்குள் சில எழுத்துகளும் தெரிந்தால் பதற வேண்டியதில்லை. அதைப் பார்த்து அந்தக் கணினிக்காரரைத் திட்டவும் வேண்டியதில்லை.

பட்டியல் சரியாக இருந்தும் பயன்படாமல் போவது நம்முடைய ஒரு வழக்கத்தால். எல்லாரும் ஒரே பெயரில் நுழைகிறோம். 'ஆபீஸ்' என்று ஒரு பயனர், சுவரில் ஒட்டிய ஒரு கடவுச்சொல், பத்துக் கணினிகளிலும் அதே. எஸ்எம்பிஸ்டேட்டஸ் பத்து வரிகளில் 'ஆபீஸ்' என்று காட்டும்போது அது பொய் சொல்லவில்லை, நாம் கொடுத்ததைத்தான் திருப்பித் தருகிறது. விருந்தினர் அனுமதி திறந்திருக்கும் இடங்களில் இன்னும் மோசம், எல்லாரும் 'நோபடி' ஆகிவிடுவார்கள். டெபியன், உபுண்டு ஆகியவற்றோடு வரும் சாம்பா அமைப்பில், சர்வருக்குத் தெரியாத பயனர் பெயர் வந்தால் விருந்தினராக ஏற்றுக்கொள்ளும் வரி ஒன்று முன்கூட்டியே இருக்கிறது. பெயரில் ஓர் எழுத்துப் பிழை விட்டவரும் சத்தமில்லாமல் நோபடியாக உள்ளே போய்விடுவார். அப்புறம் 'எனக்கு மட்டும் சேவ் ஆகல' என்று புகார் வரும். ஆளைக் கண்டுபிடிக்க ஐபி முகவரி ஒன்றுதான் மிஞ்சும். ரூட்டர் அதையும் அவ்வப்போது மாற்றித் தருமானால் அந்த வழியும் அடைபடும். ஆளுக்கு ஒரு கணக்கு, கணினிக்கு ஒரு நிலையான முகவரி: இந்த இரண்டும் செய்யாத இடத்தில் இந்தக் கட்டுரையின் மற்ற எல்லா யோசனைகளும் பாதிப் பலனே தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது கரண்ட். கல்வராயன் மலைப் பக்கம் இடி மின்னலோடு மழை இறங்கினால் அடிவாரத்தில் மின்சாரம் போவது வழக்கம். சர்வருக்கு யு.பி.எஸ். இருக்கும், மற்ற கணினிகளுக்கு இருக்காது. கிளையண்ட் கணினி விடைபெறாமலே அணைந்துவிடுகிறது. சர்வருக்கு அது தெரிய வழியில்லை, எதிர்முனை அமைதியாக இருக்கிறது என்றுதான் நினைக்கும். லினக்ஸின் இயல்பான அமைப்பில், அமைதியான டிசிபி இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் முதல் கீப்அலைவ் பாக்கெட் 7,200 விநாடிகள் கழித்துத்தான் போகும். பதில் இல்லையென்றால் 75 விநாடி இடைவெளியில் ஒன்பது முறை முயன்ற பிறகே இணைப்பு கைவிடப்படும். கூட்டிப் பார்த்தால் 2 மணி 11 நிமிடத்துக்கு மேல். அதுவரை பட்டியலில் அந்தக் கணினி இருக்கும், அது திறந்த கோப்பும் திறந்தே இருக்கும். பல நேரம் 'யாரோ கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்' என்று நாம் தேடும் அந்த யாரோ, அணைந்துபோன ஒரு கணினிதான்.

இப்படிப்பட்ட இணைப்பை அடையாளம் காண, சாம்பாவின் பட்டியலைக் கர்னல் சொல்வதோடு ஒப்பிட வேண்டும். எஸ்எஸ் என்ற கட்டளையை டி, என் என்ற விருப்பங்களோடு ஓட்டி, 445 போர்ட்டை மட்டும் வடிகட்டினால் டிசிபி இணைப்புகள் தெரியும். ஓ என்ற விருப்பத்தையும் சேர்த்தால் கீப்அலைவ் கடிகாரத்தில் இன்னும் எவ்வளவு நேரம் மீதி என்றும் காட்டும். அதன்பின் அந்த முகவரிக்கு ஒரு பிங். பதில் வராவிட்டால் சந்தேகம் பெரும்பாலும் உறுதி. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், சில விண்டோஸ் கணினிகளின் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாது. ஆகவே நாலு அடி நடந்து போய் மேசையைப் பார்த்துவிடுவது எந்தக் கட்டளைக்கும் குறைந்ததில்லை. நிலையான தீர்வாக, சாம்பா அமைப்பில் சாக்கெட் விருப்பங்களில் கீப்அலைவ் நேரத்தைச் சில நிமிடங்களுக்குக் குறைக்கலாம். டெட்டைம் என்ற அமைப்பும் உண்டு. ஆனால் அது கோப்பு எதுவும் திறந்திராத இணைப்புகளை மட்டுமே வெட்டும். கோப்பைத் திறந்து வைத்தபடி அணைந்துபோன கணினியிடம் அது பலிக்காது.

இதோடு சேர்ந்து அடிக்கடி குழப்பும் இன்னொன்று உண்டு. எக்ஸெல் கோப்பைத் திறந்தால் 'இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார், பூட்டப்பட்டுள்ளது' என்று பெயரோடு செய்தி வரும். அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது? எக்ஸெலும் வேர்டும் ஒரு கோப்பைத் திறக்கும்போது அதே கோப்புறையில், அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால் வைத்த சிறு மறைகோப்பு ஒன்றை உருவாக்கும். ஆபீஸ் நிறுவியபோது தட்டிய பயனர் பெயர் அதற்குள் இருக்கும். லிப்ரே ஆபீஸும் புள்ளி, அலைக்குறி, 'லாக்' என்று தொடங்கி எண்குறியில் முடியும் இதே மாதிரிக் கோப்பை வைக்கும். கணினி திடீரென்று அணைந்தால் இந்தச் சிறு கோப்பு அங்கேயே தங்கிவிடலாம். லிப்ரே ஆபீஸ் அதைப் பார்த்தே பூட்டு என்று சொல்லும். சர்வரில் எந்தப் பூட்டும் இல்லாமலே செய்தி வருவது இதனால்தான். எஸ்எம்பிஸ்டேட்டஸின் பூட்டுப் பட்டியலில் அந்தக் கோப்பு இல்லை, ஆனால் செய்தி வருகிறது என்றால், மறைகோப்புகளையும் காட்டும்படி கோப்புறையைப் பட்டியலிட்டுப் பார்க்க வேண்டும். அனாதையாகக் கிடக்கும் சிறு கோப்பை அழித்தால் விஷயம் முடிந்தது. இதற்காகச் சர்வரையே ரீஸ்டார்ட் செய்வோர் உண்டு. ரீஸ்டார்ட் செய்தாலும் அது போகாது, ஏனென்றால் அது வட்டில் இருக்கும் ஒரு சாதாரணக் கோப்பு.

மெயின் சிஸ்டம் விண்டோஸாக இருந்தால், நிர்வாகியாகக் கமாண்ட் ப்ராம்ட்டைத் திறந்து நெட் செஷன் என்று தட்டினால் போதும். எந்தக் கணினி, எந்தப் பயனர், எத்தனை கோப்புகள் திறந்துள்ளன, எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறது என்று காட்டும். நெட் ஃபைல், திறந்த கோப்புகளை எண்ணிட்டுத் தரும். 2012 முதல் வந்த விண்டோஸ்களில் பவர்ஷெல்லின் கெட்-எஸ்எம்பிசெஷன், கெட்-எஸ்எம்பிஓப்பன்ஃபைல் இரண்டும் இன்னும் விரிவாகச் சொல்லும். சும்மா இருக்கும் நேரத்தைக் காட்டும் பத்தி இங்கே கூடுதல் வசதி. 15 நிமிடம் சும்மா இருக்கும் செஷனை விண்டோஸ் இயல்பாகவே துண்டித்துவிடும். கிளையண்ட் மறுபடி கேட்டதும் இணைத்துக்கொள்ளும். ஆகவே பட்டியலில் ஒருவர் இல்லை என்பதால் அவர் வேலையை முடித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

விண்டோஸில் இந்தப் பட்டியலுக்கு வேறொரு தேவையும் உண்டு. டெஸ்க்டாப் பதிப்புகளான விண்டோஸ் 7, 10, 11 ஆகியவை ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் ஏற்பதில்லை. எக்ஸ்பி ப்ரோவில் அது 10 ஆக இருந்தது. ஒரு பள்ளிக் கணினி அறையில் மாணவர்களுக்கு 20, ஆசிரியருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், இருபத்தொன்றாவது கணினிக்கு 'இனி இணைக்க இயலாது' என்ற செய்தி வரும். லேன் கேபிளையும் சுவிட்சையும் மாற்றிப் பார்த்துக் களைத்த பிறகே பலருக்கு இது தெரியவருகிறது. நெட் கான்ஃபிக் சர்வர் என்று கேட்டால் உச்சவரம்பு எண் திரையில் வந்துவிடும்.

கோப்புப் பகிர்வின் இன்னொரு முறையான என்எஃப்எஸ் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், நம் ஊர்ச் சிறு அலுவலகங்களில் அது அரிது. 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த இந்த முறையின் பழைய பதிப்புகளில், யார் எதைத் திறந்திருக்கிறார்கள் என்பதைச் சர்வர் நினைவில் வைப்பதே இல்லை, வடிவமைப்பே அப்படி. ஷோமவுண்ட் கட்டளை தரும் பட்டியல் ஒரு குறிப்பேட்டைப் படித்துச் சொல்வது. என்றோ விடைபெறாமல் போன கணினியின் பெயரும் அதில் இருக்கும். நான்காம் பதிப்பு நிலைமையை மாற்றியது. 2019-இல் வந்த லினக்ஸ் 5.3 கர்னலிலிருந்து, ப்ராக் கோப்புறைக்குள் என்எஃப்எஸ்டியின் கிளையண்ட்ஸ் பிரிவில் ஒவ்வொரு கிளையண்டுக்கும் தனிக் கோப்புறை உண்டு. திறந்த கோப்புகளையும் அங்கே பார்க்கலாம்.

ஒரே சர்வர் போதாமல் பல சர்வர்களின் வட்டுகளைச் சேர்த்து ஒரே கோப்புறையாகக் காட்டும் தேவை வந்தபோது, அதற்கான பெயர்பெற்ற தீர்வுகளில் ஒன்றை உருவாக்கியவர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி. அவர் நிறுவனர்களில் ஒருவராக 2005-இல் தொடங்கிய க்ளஸ்டரை 2011-இல் ரெட் ஹாட் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. சிதம்பரமும் கள்ளக்குறிச்சியும் 1993 வரை ஒரே தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தவை. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இங்கே குறிக்கிறேன். க்ளஸ்டரில் வால்யூம் ஸ்டேட்டஸ் கட்டளையோடு கிளையண்ட்ஸ் என்று சேர்த்தால், ஒவ்வொரு வட்டுப் பகுதிக்கும் இணைந்திருக்கும் முகவரிகளும், ஒவ்வொன்றும் எத்தனை பைட் படித்தது, எழுதியது என்பதும் வரும். ஓர் இணைப்பு வேலை செய்கிறதா, வெறுமனே நிற்கிறதா என்று எடை போட்டுக் காட்டும் இந்தக் கணக்கு, எஸ்எம்பிஸ்டேட்டஸ் இயல்பாகத் தரும் பட்டியலில் இல்லாத ஒன்று.

பாதுகாப்புக்காக இந்தப் பட்டியலைப் பார்ப்பவர்கள் குறைவு. 2017 மே 12-இல் பரவிய வான்னாக்ரை என்ற தீநிரல், எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. பக்கத்து மாநிலமான ஆந்திராவில் காவல்துறைக் கணினிகளும் பாதிக்கப்பட்டன. அடுத்த இரண்டு வாரத்துக்குள் சாம்பாவிலும் வேறொரு கடும் ஓட்டை வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. எஸ்எம்பிஸ்டேட்டஸின் நெறிமுறைப் பத்தியில் எஸ்எம்பி3 என்று வந்தால் நல்லது. என்டி1 என்று ஒரு வரி வந்தால் அது அந்தப் பழைய முதல் பதிப்பு. 2019-இல் வந்த சாம்பா 4.11 அதை இயல்பாகவே அணைத்துவிட்டது. ஆனால் பழைய ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்ததை ஷேர் ஃபோல்டருக்கு அனுப்பவில்லை என்பதற்காக, அதை மீண்டும் திறந்துவிடும் வழக்கம் இருக்கிறது. ஒரு ஸ்கேனருக்காக மொத்த சர்வரின் கதவைத் திறந்து வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அந்த மெஷினுக்கு எஃப்டிபியோ மின்னஞ்சலோ வழி செய்யலாம்.

துண்டிக்க வேண்டிய நிலை வந்தால் சிறியதிலிருந்து தொடங்க வேண்டும். விண்டோஸில் நெட் ஃபைல் தந்த எண்ணைக் கொண்டு ஒரே ஒரு கோப்பை மூடலாம். சாம்பாவில் எஸ்எம்பிகண்ட்ரோல் மூலம் ஒரு ஷேரை மட்டும் மூடச் சொல்லலாம், அல்லது பூட்டுப் பட்டியலில் கண்ட செயல்முறை எண்ணுக்குக் கில் கொடுத்து ஒரு கணினியை மட்டும் விடுவிக்கலாம். மற்ற ஒன்பது பேரின் வேலை தொடரும். உயிரோடு இருக்கும் இணைப்பு என்றால், துண்டிக்கும் முன் அவரிடம் "அக்கா, சேவ் பண்ணிட்டு வெளிய வந்துடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கிளையண்ட் பக்கம் இன்னும் எழுதாமல் நினைவகத்தில் தங்கியிருக்கும் மாற்றங்களைச் சர்வரிலிருந்து பார்க்க எந்தக் கட்டளையாலும் முடியாது.

இந்தக் கட்டளைகளெல்லாம் இந்த நொடியை மட்டுமே அறியும். நேற்று மாலை கணக்குக் கோப்பை அழித்தது யார் என்று எஸ்எம்பிஸ்டேட்டஸிடம் கேட்டுப் பயனில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஜேசன் பட்டியலைச் சேமிக்கும் க்ரான் பணி ஒன்று ஓரளவு உதவும். முழுமையாக வேண்டுமென்றால் சாம்பாவின் ஃபுல் ஆடிட் என்ற பகுதியை ஷேருக்குச் சேர்த்து, அழிப்பதையும் பெயர் மாற்றுவதையும் மட்டும் பதிவு செய்யச் சொல்லலாம். எல்லாவற்றையும் பதிவு செய்யவிட்டால் சில நாளில் வட்டு நிறைந்துவிடும். அப்படி ஒரு பதிவு ஓடுகிறது என்பதை அலுவலகத்தில் வேலை செய்கிற எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.